ஒப்பனை அறையைத் தின்ற அரங்கம்

நெடுங்காலத்துக்கு முன்னே, கல்லும் மரமும் மந்திரத்துக்குக் கட்டுப்பட்டிருந்த நாளில், செம்பொழில் நாட்டை மதங்கராயன் ஆண்டான். அவன் கட்டிய கூத்தரங்கத்தில் எவ்வளவு கூட்டம் உட்கார்ந்தாலும் அவனுக்குப் போதவில்லை.

ஒரு மந்திரவாதி வந்தான். "கைதட்டும்போதெல்லாம் ஒரு வரிசை இருக்கை கூடும், மகாராஜா. அதற்கான இடத்தைச் சபையின் கண் படாத பக்கத்திலிருந்து எடுப்பேன்."

"தாராளமாக எடு," என்றான் ராஜா.

கண் படாத பக்கம், மேடைத் திரைக்குப் பின்னாலிருந்த ஒப்பனை அறை. வல்லி அங்கேதான் கூத்தர்களுக்கு உடை கட்டினாள்.

முதல் கைதட்டலில் ஜன்னல் போயிற்று. விளக்குப் புகையில் கண் எரிய மை தீட்டினார்கள். வல்லி ராஜாவிடம் போய்ச் சொன்னாள்.

"சபைக்குத் தெரியாத இடம்தானே, சமாளி."

அடுத்து உடை உலர்த்தும் கொடி போயிற்று. வியர்வை காயாத துணியையே மறுபடி உடுத்தி, எல்லோருக்கும் உடம்பெல்லாம் அரிப்பு. மறுபடி போனாள்.

"சபைக்குத் தெரியாத இடம்தானே, சமாளி."

அப்புறம் கூரை இறங்கியது. கிரீடம் வைத்தவர்கள் கூனிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது முறையும் அதே பதில்.

வல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சபையில் இருப்பவர்களுக்குக் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மெல்ல இடமிருக்கிறது. அவர்கள் பார்க்க வந்த உடையைக் கட்டுகிறவளுக்குக் கை நீட்ட இடமில்லையா?

திருவிழாக் கூத்தன்று மூத்த கூத்தர் சாத்தையாவுக்கு அசுரன் வேடம். அசுரனின் இடுப்புத்துணி நெடுநீளம். ஒரு முனையை வல்லி இழுத்துப் பிடிக்க, மறுமுனையைச் செருகிக்கொண்டு அவர் சுழன்றபடியே அவளை நோக்கி வரவேண்டும். அன்று திரும்பக்கூட முடியவில்லை. சுவர்கள் தோளை அழுத்தின. வெளியே பாட்டு முடியப்போகிறது. இன்னொரு முறை கைதட்டினால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் நசுங்கிப்போவார்கள்.

வல்லி திரையைப் பிடித்து இழுத்தாள். அது அறுந்து விழுந்தது. துணி முனையோடு மேடைக்கு நடந்தாள்.

"ஐயோ வல்லி, எனக்கு மீசை பாதிதான் வரைந்திருக்கு," என்றார் சாத்தையா.

"பாதி மீசையோடு நசுங்கலாம் என்கிறீர்களா, அண்ணே? சுற்றுங்கள்."

சபையில் தட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. "அடப்பாவமே, இந்தப் பொந்துக்குள்ளேயா இவ்வளவு பேரும்?" என்றாள் ஒருத்தி.

"திரையைப் போடச் சொல்லுங்கள், மகாராஜா," என்று மந்திரவாதி பதறினான்.

"போடமாட்டேன்," என்றாள் வல்லி. "யாரும் பார்க்கவில்லை என்றுதானே இவன் எங்கள் இடத்தைத் தின்றான்? எல்லோரும் நன்றாகப் பாருங்கள்."

பார்க்கப் பார்க்கச் சுவர்கள் பின்வாங்கின. ஜன்னல் திறந்தது, கூரை உயர்ந்தது. கூடிய வரிசைகள் ஒவ்வொன்றாக மறைய, அவற்றில் ஒன்றில் உட்கார்ந்திருந்த ராஜா தரையில் விழுந்தான். மந்திரவாதி புகையாகி ஜன்னல் வழியே போனான்.

சாத்தையா சுழன்று வந்து துணியைச் சுற்றிக்கொண்டார். சபை கைதட்டியது. சுவர் அசையவில்லை.

ராஜா எழுந்து, எல்லோர் முன்னும் வல்லியிடம் மன்னிப்புக் கேட்டான். அரங்கத்தை அவள் பொறுப்பிலேயே விட்டான். அன்றுமுதல் அந்த நாட்டில் எங்கே அரங்கம் கட்டினாலும் முதலில் ஒப்பனை அறைக்குத்தான் அளவுக்கயிறு பிடித்தார்கள். மிஞ்சிய இடத்தில்தான் ராஜாவுக்கு ஆசனம்.