மல்லூக்கின் வலது கை

செலூக்கியா துறைமுகத்தில் இருபது வருடம் மூட்டை சுமந்தவன் ஹெர்மியாஸ். கிரேக்கன். நாற்பது வயதுக்கு மேல் மல்லூக் என்ற யூதப் பெரியவரிடம் சீடனாகச் சேர்ந்தான்.

மல்லூக், இயேசுவை நம்பியவர்கள் கூடும் அந்த ஊர்ச் சபையின் மூப்பர். சபைக்கென்று கட்டடம் கிடையாது. பிலின்னா என்ற விதவையின் வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். எருசலேமில் ஆலயம் எரிந்து அப்போது முப்பது வருடம் ஆகியிருந்தது.

அந்த வருடம் ஆற்றின் மேற்புறத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் படகில் வந்தார்கள். அங்கே நாற்பது குடும்பங்கள் விசுவாசத்துக்கு வந்திருந்தன. மூப்பர் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் மூன்று பேரை ஜெபிக்க ஆளில்லாமல் புதைத்திருந்தார்கள். ஹெர்மியாஸை மூப்பராக்கித் தங்களோடு அனுப்பும்படி கேட்டார்கள்.

அனுப்புவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு கைகளையும் சீடனின் தலைமேல் வைத்து, உடம்பின் கனம் முழுவதும் இறங்கும்படி அழுத்த வேண்டும். ஆலயம் இருந்த நாளில் பலிக்கு வந்தவன் தன் ஆட்டின் தலைமேல் அப்படித்தான் அழுத்துவான். மோசே தமக்குப் பின் ஜனங்களை நடத்த வந்த யோசுவாவின் தலைமேல் அப்படித்தான் அழுத்தினார் என்று மல்லூக் கற்றிருந்தார். தொட்டால் போதாது.

ஆனால் அதற்கு முன்பே, திராட்சை பறிக்கும் மாதத்தில், மல்லூக்குக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வலது கை நனைந்த துணிபோல் தொங்கியது.

கிராமத்திலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒருவன் தாழ்ந்த குரலில் மற்றவனிடம், பாதிக் கையோடு அனுப்பினால் பாதி ஊர்தான் வருகிறவர் பேச்சைக் கேட்கும் என்றான். ஹெர்மியாஸின் காதில் அது விழுந்தது.

அன்று மாலை அவன் மல்லூக்கிடம் போய் உட்கார்ந்தான். வெகுநேரம் சுற்றி வளைத்துப் பேசினான். போகிற வழியில்தான் அந்தியோகியா என்றான். அங்கே கிரேக்க மூப்பர் ஒருவர் இருக்கிறார், திடமான ஆள், இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன என்றான். கிராமத்தில் யார் உன்மேல் கை வைத்தது என்று கேட்பார்கள். பெயர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். அத்தனையும் யூதப் பெயர்கள். அங்கே இருப்பவர்கள் யூதர் அல்ல, அது எடுபடாது என்றான்.

மல்லூக் கேட்டார். "உனக்கு எது பயம்? என் கையா, என் பெயரா?"

"இரண்டும்தான் ஐயா."

மல்லூக் சிரித்தார். வாயின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது.

"உங்கள்மேல் கை வைத்தது யார்?" என்றான் ஹெர்மியாஸ்.

"கலிலேயாவில் சாபாத். அவர்மேல் அவருடைய ஆசிரியர். அப்படியே ஏறிப்போனால் யோசுவா. அதற்கு மேலே மோசே."

"கர்த்தருடைய சீடர்கள்?"

"அவர்களில் ஒருவர் பிற்பாடு என்மேல் கை வைத்தார். சாபாத் அழுத்திய அதே அழுத்தம். அவர்களும் அப்படிப்பட்ட கைகளுக்குக் கீழே வளர்ந்தவர்கள்தானே. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நேரமில்லை."

ஹெர்மியாஸ் யோசித்தான்.

"அப்படியானால் மோசேயின்மேல் கை வைத்தது யார்?"

மல்லூக் தொங்கிய கையை மற்றக் கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளை காமூலிடம் போ," என்றார். "வலது கை எழவில்லை என்று சொல். வேறொன்றும் சொல்லாதே."

காமூல் அந்த ஊர் யூத ஜெப ஆலயத்தின் ஆசிரியர். அவரும் மல்லூக்கும் கலிலேயாவில் ஒரே பாயில் படுத்துப் படித்தவர்கள். சாபாத் ஒரே நாளில் இருவர்மேலும் கை வைத்தார். இயேசுவே மேசியா என்று மல்லூக் நம்பினார். காமூல் நம்பவில்லை. பதினெட்டு வருடங்களுக்கு முன் ஓர் ஓய்வுநாளில் காமூல் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு இருவரும் ஒரே தெருவில் நடந்தார்கள். பேசவில்லை.

"கதவைச் சாத்தினவரிடமா போகச் சொல்கிறீர்கள்?"

"அவன் சாத்தினான். நான் வெளியே நின்று அவன் தகப்பனை இழுத்துத் திட்டினேன். அதையும் சேர்த்துக்கொள்."

ஹெர்மியாஸ் போனான். காமூல் சுருளை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவன் சொல்லி முடித்ததும் நிமிராமலே கேட்டார்.

"வலதா?"

"வலதுதான்."

"அதில்தான் எழுதுவான்."

பிறகு குரலில் கசப்பு ஏறியது. அங்கே அத்தனை பேர் கூடுகிறீர்களே, ஒரு கிழவன் கையைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லையா என்றார்.

"இருக்கிறோம்," என்றான் ஹெர்மியாஸ். "உங்களைத்தான் கேட்டார்."

காமூல் மறுபடி படிக்கத் தொடங்கினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஹெர்மியாஸ் காத்திருந்துவிட்டுத் திரும்பினான்.

வாரத்தின் முதல் நாள் விடியலில் முற்றம் நிறைந்திருந்தது. படகில் வந்த இருவரும் மூட்டை முடிச்சோடு சுவரோரம் நின்றார்கள். மல்லூக்கை முக்காலியில் உட்காரவைத்தார்கள். ஹெர்மியாஸ் அவர்முன் மண்டியிட்டான். மல்லூக்கின் இடது கை அவன் தலைமேல் ஏறியது. வலது கை அசையவில்லை. கிராமத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது.

காமூல் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே பார்க்காமல், அடுப்பில் என்ன வேகிறது என்று பிலின்னாவைக் கேட்டார்.

"பயறுதான் ஐயா. உங்களுக்கு ஆகாத பன்றிக்கு எங்களிடம் வசதி இல்லை."

காமூல் உள்ளே வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் மல்லூக்கின் பக்கத்தில் போய் நின்று, மேலும் கீழும் பார்த்தார்.

"மெலிந்துவிட்டாய்."

"நீ பருத்துவிட்டாய். கணக்குச் சரியாகிவிட்டது."

காமூல் ஹெர்மியாஸைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "என் கை உன் தலைமேல் படாது. நான் இவன் கையைப் பிடிக்கிறேன். அவ்வளவுதான்."

குனிந்து, மல்லூக்கின் வலது மணிக்கட்டை ஒரு கையாலும் முழங்கையை ஒரு கையாலும் தூக்கினார். குளிர்ந்த உள்ளங்கை ஹெர்மியாஸின் தலைமேல் வந்து அமர்ந்தது.

மல்லூக் பழைய மொழியில் ஜெபத்தைத் தொடங்கினார். சாபாத்திடம் கேட்ட சொற்கள். நடுவில் நாக்கு நின்றுவிட்டது. சொல் வரவில்லை. முற்றத்தில் வேறு யாருக்கும் அந்தச் சொல் தெரியாது.

காமூல் எங்கோ பார்த்தபடி அந்தச் சொல்லைச் சொன்னார்.

மல்லூக் அதைப் பிடித்துக்கொண்டு முடித்தார். பிறகு அழுத்தினார். இடது கை அழுத்தியது. காமூல் தன் உடம்பைச் சாய்த்து, மல்லூக்கின் கை வழியாக வலப்பக்கம் அழுத்தினார்.

ஹெர்மியாஸ் கண்களை மூடியிருந்தான். மூட்டை சுமக்கிறவன் தன் மூட்டையைத் தானே தலைக்கு ஏற்ற முடியாது. ஏற்றிவிட ஆள் வேண்டும். ஏற்றிவிட்டது ஒருவரா இருவரா என்று கழுத்துக்குத் தெரியும். இருபது வருடம் சுமந்த கழுத்துக்கு அன்றும் தெரிந்தது.

எல்லாம் முடிந்ததும் பிலின்னா பயற்றங்கூழைக் கொண்டுவந்தாள். காமூல் வேண்டாம் என்றார். அத்திப்பழம் கொடுத்தாள். இரண்டு எடுத்துக்கொண்டு, ஒன்றை மல்லூக்கின் இடது கையில் வைத்தார்.

"அடுத்த ஓய்வுநாள்..." என்று தொடங்கினார் மல்லூக்.

"கதவு சாத்தித்தான் இருக்கும்."

"தெரியும்."

காமூல் வாசலைத் தாண்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. மல்லூக் பழத்தைத் தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

கிராமத்து ஆட்கள் மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் முன்பு தாழ்ந்த குரலில் பேசியவன், வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும் ஐயா என்று ஹெர்மியாஸிடம் மரியாதையாகச் சொன்னான்.

ஹெர்மியாஸ் மல்லூக்கின் முன் உட்கார்ந்தான்.

"பெயர்களை முழுவதும் சொல்கிறேன் ஐயா. ஒன்றையும் விடமாட்டேன்."

"சரி."

"காமூலை எங்கே வைப்பது? கை வைக்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். வரிசையில் அவருக்கு இடம் இல்லை."

மல்லூக் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்று ஒன்று கேட்டாயே. மோசேயின்மேல் கை வைத்தது யார் என்று."

"கேட்டேன்."

"யாரும் வைக்கவில்லை. ஆனால் ஒரு போர் நாளில் ஜெபிக்க உயர்த்திய அவருடைய கைகள் தளர்ந்து கீழே இறங்கிவிட்டன. கீழே இறங்கினால் ஜனங்கள் தோற்றார்கள். ஒரு கல்லைப் போட்டு அவரை உட்காரவைத்து, ஆளுக்கொரு கையாக, பொழுது சாயும்வரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு நின்றார்கள்."

ஹெர்மியாஸ் வாசலைப் பார்த்தான்.

"காமூலை அங்கே வை," என்றார் மல்லூக்.