தோற்றது ஏன்?

“ஒரு தப்பு காட்டுங்க மிஸ். ஒரே ஒரு தப்பு.”

கனிஷ்கா ஹிஸ்டரி விடைத்தாளை மேசைமேல் வைத்தாள். நூல் கோத்துக் கட்டிய கனமான கட்டு அது. எத்தனை தாள் கூடுதலாக வாங்கினாள் என்று தேர்வறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்திருந்தார்கள்.

ரெபேக்கா மிஸ் தன் அறையில் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

“தப்பே இல்ல,” என்றார்.

“அப்புறம் ஏன் மிஸ் இருபத்தஞ்சுக்கு ஏழு?”

மிஸ் இன்னொரு டம்ளரை எடுத்து அவளுக்கும் ஊற்றினார்.



கனிஷ்கா பத்தாம் வகுப்பில் ஒன்றியத்திலேயே முதலாவது. தமிழ்வழிப் பள்ளி. பாடப்புத்தகத்தில் எந்த வரி எந்தப் பக்கத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அதை நம்பித்தான் மலைமேல் இருக்கும் இந்த விடுதிப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொண்டது. அதை நம்பித்தான் அவளும் அட்வான்ஸ்டு ஹிஸ்டரி எடுத்தாள்.

இங்கே பாடப்புத்தகம் என்று ஒன்று கிடையாது. திங்கட்கிழமை தலையணை உயரத்துக்கு ஒரு ஜெராக்ஸ் கட்டு. வெள்ளிக்கிழமை ஒரு கேள்வி.

ஜூனில் நிரம்பியிருந்த வகுப்பில் இப்போது பாதி பெஞ்சு காலி. போனவர்கள் காமர்ஸில் இருந்தார்கள். நன்றாகத் தூங்கினார்கள்.



“குரூப் மாத்த இன்னிக்குதான் மிஸ் கடைசி நாள். அப்பா கையெழுத்துப் போட வந்துட்டிருக்காங்க.”

“ஆபீஸ்ல சொன்னாங்க.”

“எனக்கு இங்கிலீஷ் பத்தல. அதான மிஸ்?”

“இங்கிலீஷுல எங்கயாவது கோடு போட்டிருக்கேனா?”

இல்லை. அவள் ஏற்கெனவே தேடிப் பார்த்துவிட்டாள். கட்டு முழுவதிலும் சிவப்பு மை ஓரிடத்தில்தான். கடைசித் தாளின் அடியில், தேர்வில் கேட்ட கேள்வியையே மிஸ் திரும்ப எழுதியிருந்தார்: வேலூர்ப் புரட்சி ஏன் தோற்றது?

“நான் எல்லாம் எழுதியிருக்கேன் மிஸ். புதுத் தலைப்பாகை, தாடியை எடுக்கச் சொன்னது, நெத்தியில குறி வைக்கக் கூடாதுன்னது, கோட்டைக்குள்ள திப்புவோட பசங்க இருந்தது, கோட்டையப் புடிச்சுக் கொடி ஏத்துனது, அப்புறம் கொள்ளையடிக்கப் போனது, ஆற்காட்டுலருந்து குதிரைப்படை வந்தது… நீங்க குடுத்த கட்டுல ஒரு வரி விடல.”

“விடலதான்.”

“அப்ப எனக்கு மூளை இல்ல. மனப்பாடம் மட்டுந்தான் பண்ணத் தெரியும். ஊர்ல அது போதும்னு இருந்துச்சு. இங்க வந்துதான தெரியுது.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பனி மூடி, மைதானம் தெரியவில்லை.

“இந்தப் பாடம் கஷ்டந்தான் கனிஷ்கா,” என்றார் மிஸ். “இல்லன்னு உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்.”

பிறகு அவர் கட்டின் நூலை அவிழ்த்தார். நடுவிலிருந்து ஒரு தாளை உருவினார். மடித்தார். மேசையில் போட்டு அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

“மிஸ்! அது வேணும்!”

“எதுக்கு?”

கனிஷ்கா வாயைத் திறந்தாள். உருவியது எந்தத் தாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

“ஆறிடும். குடி,” என்றார் மிஸ்.



கதவு தட்டப்பட்டது. முபீனா தலையை நீட்டினாள். கனிஷ்கா ஆடும் கபடி டீமின் கேப்டன். பின்னால், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்ற யோசனையோடு கனிஷ்காவின் அப்பா நின்றார். நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். விடிவதற்கு முன்பே பஸ் ஏறியிருந்தார்.

“கேட்ல நின்னாங்க மிஸ், கூட்டிட்டு வந்தேன்,” என்றாள் முபீனா. “நீங்களே சொல்லுங்க அங்கிள். வெச்சிருக்கறது ராஜா பேரு. ஹிஸ்டரியப் பாத்துட்டு ஓடறா.”

“சும்மா இருடி.”

அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மிஸ்ஸுக்கு வணக்கம் சொன்னார். மார்க்கைப் பற்றிக் கேட்பார் என்று கனிஷ்கா உடம்பை இறுக்கிக்கொண்டாள்.

“நேத்து சேலத்துல ஃபைனல் என்னாச்சு சாமி? போன் பண்ணா எடுக்கவே இல்ல.”

அவரும் ஒரு காலத்தில் ஊர் டீமுக்கு ஆடியவர். கபடியைக் கேட்காமல் வேறெதையும் கேட்கத் தெரியாது.

“தோத்துட்டோம்ப்பா.”

“ஏன்?”

“கடைசி ரைடுல நான் மாட்டிக்கிட்டேன். ஒரு பாயின்ட்டுல போச்சு.”

“கேட்டுக்கங்க அங்கிள். அவளே ஒத்துக்கறா. அவளாலதான் தோத்தோம்,” என்றாள் முபீனா, பாதி விளையாட்டாக.

கனிஷ்கா திரும்பினாள்.

“என்னாலயா? கடைசியா மாட்டுனது நானு. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே தோத்தாச்சு.”

“எப்போ?”

“பாதி ஆட்டத்துல ஏழு பாயின்ட் முன்னாடி இருந்தோம். அவங்க புள்ளைங்க நாக்குத் தள்ளிப்போய் நின்னாங்க. அப்ப நீ என்ன சொன்ன?”

“நான் என்ன சொன்னேன்?”

“‘ஜெயிச்சாச்சு, இனிமே சும்மா போயிட்டு வாங்கடி’ன்ன. நாங்களும் போனோம், கோட்டத் தொட்டோம், வந்தோம். ஒருத்தியும் ஒருத்தியத் தொடல. அவங்க மூச்சு வாங்கிக்க நாமளே நேரம் குடுத்தோம்.”

“அதெல்லாம் இல்ல அங்கிள். கார்னர்ல நிக்கற சுவாதிக்கு முட்டி வலி. அந்தப் பக்கம் ஓட்டையாயிடுச்சு. அதான் காரணம்.”

“மொதப் பாதியிலயும் அதே முட்டிதான்டி. அதே வலிதான். அப்ப ஏழு பாயின்ட் எப்படி வந்துச்சு?”

முபீனா காலால் தரையைத் தேய்த்தாள்.

“ரெஃப்ரி அவங்க பக்கமா சாமி?” என்றார் அப்பா ஆசையாக. அவர் காலத்தில் எல்லாத் தோல்விக்கும் அதுதான் காரணம்.

“அவங்களுக்கு ஒரு பாயின்ட் தப்பாக் குடுத்தாருப்பா. பொய் சொல்லக் கூடாது, எங்களுக்கும் ஒண்ணு தப்பாக் குடுத்தாரு. அது ரெண்டும் கழிஞ்சு போச்சு.” அவள் ஒரு கணம் யோசித்தாள். “ஆட்டம் கைக்கு வந்துடுச்சு. வந்தப்புறம் அத வெச்சு என்ன செய்யறதுன்னு எங்கள்ல யாரும் யோசிக்கல. அதான்ப்பா. நான் மாட்டுனது அதோட கடைசி, அவ்வளவுதான்.”

“இதையெல்லாம் நேத்து பஸ்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் முபீனா. குரலில் விளையாட்டு போயிருந்தது.

“நேத்து நீ அழுதுட்டிருந்த.”



மிஸ் இவ்வளவு நேரமும் ஜன்னல் பக்கம் திரும்பி டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை.

“டாஸ் யாரு ஜெயிச்சது?” என்றார்.

“நாங்கதான் மிஸ்.”

“அதச் சொல்லவே இல்லியே.”

“அது… எதுக்கு மிஸ்?”

“அவங்க ஜெர்ஸி என்ன கலர்?”

“நீலம்.”

“கூட்டம் வந்துச்சா?”

“கேலரி ஃபுல் மிஸ்.”

“அதையும் விட்டுட்ட.”

முபீனா சிரித்துவிட்டாள். கனிஷ்காவுக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதமாக இந்த அறைக்குள் வராத கோபம்.

“அதெல்லாம் நடந்துச்சுதான் மிஸ். இல்லங்கல. ஆனா அதனால நாங்க தோக்கல. அப்பா என்ன கேட்டாங்க? தோத்தது ஏன்னுதான…”

நிறுத்தினாள்.

வெளியே யாரோ பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் சத்தம். மிஸ் அவளைப் பார்க்கவில்லை. டம்ளரின் அடியில் மிச்சமிருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பேச்சு முடிந்துவிட்டது, இனி வந்த காரியம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

“எங்கங்க டீச்சர் கையெழுத்துப் போடணும்?”

மிஸ் கனிஷ்காவைப் பார்த்தார்.

“இருங்கப்பா.” கனிஷ்கா சிவப்பு மைக் கேள்வி இருந்த கடைசித் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். “அந்தப் பேனாவ இப்படிக் குடுங்க.”