நடுத்தெருவில் நின்ற தேர்

முன்னொரு காலத்தில் நெல்லங்காடு என்ற நாட்டை வீரசிங்க பூபதி என்று ஒரு ராஜா ஆண்டார். மனசு தங்கம், பொறுமை மட்டும் குன்றிமணி அளவும் கிடையாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் போல, சிம்மாசனத்தில்கூட நுனியில்தான் உட்காருவார்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் ரதத்தில் கோயிலுக்குப் புறப்பட்டு, தேரோடும் வீதியில் மாட்டிக்கொண்டார். முன்னால் தளவாயின் ரதம், அதற்கு முன்னால் தளவாயின் மைத்துனர் ரதம், இப்படிப் பிரபுக்களின் ரதங்கள் கோபுரவாசல் வரை நின்றன. நடந்து போகிற சனங்களோ சாக்கடை ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தார்கள். ராஜா போய்ச் சேர்வதற்குள் உச்சிக்காலப் பூஜையே முடிந்துவிட்டது.

"தெரு குறுகல், மகாராஜா. தெற்கு வரிசை வீடுகளை இடித்தால் நாலு ரதம் சேர்ந்து போகும்" என்று பிரபுக்கள் எல்லோருக்குமாகச் சொன்னார் தளவாய் ரணதீரர். மந்திரி சிற்றம்பலத்தை எப்படியாவது மட்டம்தட்ட வேண்டும் என்று அலைகிற ஆசாமி அவர். மந்திரியார் இதற்கும் ஏதாவது சாக்குச் சொல்வார் பாருங்கள் என்று ஒரு குத்தலும் குத்தினார்.

மந்திரி சாக்குச் சொல்லவில்லை. தாராளமாக இடிக்கலாம், நாளை மறுநாள் தேரோட்டம் வருகிறது, தேர் நிலைக்கு வந்த மறுநாள் இடிக்கலாம் என்று மட்டும் உத்தரவு ஓலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். ராஜா அப்படியே முத்திரை வைத்தார்.

செய்தி கேட்டு, தெற்கு வரிசையில் பூக்கட்டி விற்கும் வேலம்மை மந்திரியிடம் ஓடிவந்தாள். அவளுக்கென்று இருந்ததெல்லாம் ஓர் ஓட்டுவீடும் அதன் வாசலில் பூக்கடையும்தான்.

"தேர் நிலைக்கு வந்ததும் நெசமாவே இடிச்சிருவாங்களாய்யா?"

"ஆமாம்மா. நிலைக்கு வந்தாத்தான் இடிப்பாங்க."

"வந்தாத்தான்..." என்று வேலம்மை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

தேரோட்டத்தன்று வடம் பிடித்தவர்கள் யார்? வழக்கம்போலத் தெற்கு வரிசைக்காரர்கள்தான். நடுவீதி வரை இழுத்தார்கள். வேலம்மை வீட்டெதிரே வடத்தைக் கீழே போட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். தேர் நிலைக்கு வரும்வரை அந்த வீதியில் வேறெந்த வண்டியும் உருளக்கூடாது என்பது ராஜாவின் பாட்டனார் காலத்துக் கட்டளை. அத்தனை ரதங்களும் லாயத்தில் முடங்கின.

ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தே கோயிலுக்குப் போனார். போனால், பூஜை தொடங்கவே இல்லை. அவ்வளவு சீக்கிரம் வந்திருந்தார். மறுநாள் இன்னும் உற்சாகமாக நடந்தார். மூன்றாம் நாள், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி பயமில்லாமல் நடுவீதியில் நடந்துபோவதைப் பார்த்தார். வழியில் ஒரு முறுக்கும் வாங்கிக் கடித்தார்.

தளவாய்க்கு வயிறெரிந்தது. ஊர்க்காரர்களைச் சவுக்கால் அடித்து இழுக்கவைக்கிறேன் என்று கிளம்பினார்.

"அவர்களை எதற்கு?" என்றார் மந்திரி. "வீட்டை இடிக்கச் சொன்னவர்களே தேரையும் இழுக்கட்டும்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. நாற்பது பிரபுக்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார்கள். தேர் அசையவில்லை, தளவாயின் தலைப்பாகைதான் நழுவி விழுந்தது. வீதியே சிரித்தது, ராஜாவும் சிரித்தார்.

"சிற்றம்பலம், இது எப்போதுதான் நகரும்?"

"வீடு இருக்கும் என்று தெரிந்தால் இப்போதே, மகாராஜா."

ராஜா அந்த ஓலையை முறித்துப் போட்டார். இனி ரதமெல்லாம் கோட்டை வாசலோடு சரி, வீதி நடப்பவர்களுக்கு. நடக்க முடியாதவர்களுக்கும் சுமைகாரர்களுக்கும் பெரிய மாட்டுவண்டி ஒன்று நாள்முழுக்கப் போய்வரும், அதை ஒரு மண்டலம் தளவாயே ஓட்டவேண்டும் என்றார். தெற்கு வரிசை மறுபடி வடம் பிடித்தது. ராஜாவும் ஒரு கை பிடித்தார். அரை நாழிகையில் தேர் நிலைக்கு வந்தது.

மந்திரிக்குப் பரிசாகப் புது ரதம் தருவதாகச் சொன்னார் ராஜா. அதை நான் எங்கே ஓட்டுவேன் என்று கேட்டார் மந்திரி. கடைசியில் நல்ல தோல் செருப்பு ஒரு ஜோடி கிடைத்தது.

மறுநாள் காலை தளவாயின் வண்டி முதலில் நின்ற இடம் வேலம்மை வாசல்.

"கொஞ்சம் பொறுங்கய்யா, இன்னும் நாலு முழம் கட்டணும்" என்றாள் அவள்.

தளவாய் பொறுத்தார்.