முந்தி உட்கார்ந்த எடை

அந்தக் காலத்தில் எண்களுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்தால் சும்மா இருக்குமா? பொறாமையும் இருந்தது.

மலையடிவாரத்தில் ஒரு யானை முகாம். அங்கிருந்த கணினிக்குள் ஓர் அட்டவணை. யானைக்கு ஒரு வரி, வரிக்கு மூன்று கட்டம்: பெயர், வயது, எடை. அட்டவணைக்குள் அவை படுத்தே கிடக்கும். யாராவது ஒரு யானையைப் பற்றிக் கேட்டால் நிரலன் என்ற சுமைகாரன் வருவான். அந்த வரியைத் தூக்கிக்கொண்டு அட்டவணைக்கு வெளியே இருந்த அக்கரைக்குப் போய், மூன்றையும் அதனதன் கூட்டில் பொருத்தி ஒரு யானை உரு செய்வான். அது எழுந்து நின்று கேட்டதற்குப் பதில் சொல்லும்.

நிரலன் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டான். முதலில் வருவது பெயர், இரண்டாவது வயது, மூன்றாவது எடை என்று விரல்விட்டு எண்ணிப் பொருத்திவிடுவான்.

வயதைக் கண்டாலே எடைக்கு வயிறு எரியும். “வருஷத்துக்கு ஒரு தடவை அசையறவன் முன்னாடி. தினம் ஏறி இறங்கி முதுகொடியற நான் கடைசி. என்ன நியாயம் இது?” என்று பெயரிடம் பொருமும்.

“எங்க உட்கார்ந்தா என்ன? மருந்துக்கு உன்னைத்தானே கேக்கறாங்க,” என்றது பெயர்.

“முதல் இடத்துல இருக்கிறவன் இப்படித்தான் பேசுவான்.”

ஒரு நாள் முகாமுக்குப் புதுக் கணினி வந்தது. அட்டவணை மொத்தமும் எழுந்து அதற்குள் இடம் மாறியது. வயது மெல்ல நடந்து வருவதற்குள் எடை ஓடிப்போய் இரண்டாவது இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வயது கடைசியில் போய் அமர்ந்தது. சண்டைக்குக்கூட வரவில்லையே என்று அதற்கும் எடைக்கு ஆத்திரம்தான்.

அந்த வாரமே கொன்றை என்ற குட்டியானைக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு வயது, தொள்ளாயிரம் கிலோ. பாகன் திம்மன் கணினியிடம் மருந்தின் அளவு கேட்டான். கிலோவுக்கு ஒரு சொட்டு என்பது கணக்கு. நிரலன் வந்தான், விரல்விட்டு எண்ணினான். அக்கரையில் தொள்ளாயிரம் வயதும் நான்கு கிலோவும் உள்ள ஒரு யானை எழுந்து நின்று, “நான்கு சொட்டு,” என்றது.

“நாலே சொட்டா? எறும்புக்கா குடுக்கச் சொல்லுது?” என்று திம்மன் முணுமுணுத்தான். புதுக் கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கொடுத்தும் விட்டான்.

காய்ச்சல் இறங்கவில்லை. மாலையில் குட்டியை நிறுத்துப் பார்த்தால் எண்ணூற்று எண்பது. மறுநாள் எண்ணூற்று ஐம்பது. காய்ச்சல் வந்தால் இளைக்கத்தானே செய்யும் என்று எழுதிவிட்டுப் போனான் திம்மன். காரணம் எடைக்குத் தெரியும். நிரலன் தன்னை வயதின் கூட்டில் செருகுவதைத் தினமும் அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வாயைத் திறந்தால் இடம் போய்விடுமே! மூன்றாம் நாள் எண்ணூற்றுப் பத்து. ஆசைப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கரைந்துபோன தன் உடம்பைப் பார்த்து அது அழுதது.

நான்காம் நாள் காலையில் நிரலன் வந்ததும் எடை அவன் கையைப் பிடித்துக்கொண்டது. “அண்ணே, நான் வயசு இல்ல. பொறாமையில முந்தி உட்கார்ந்துட்டேன். என்னை வெளிய தள்ளினாலும் சரி, குட்டியைக் காப்பாத்துங்க.”

நிரலன் திகைத்தான். “நீயும் எண்ணு, அவனும் எண்ணு. எனக்கு என்ன தெரியும்?” என்றவன், முதன்முறையாகக் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தான். “உன் பேர் என்ன? நீ கிலோவா, வருஷமா?”

அதுவரை யாரும் அதன் பெயரைக் கேட்டதில்லை. இரண்டாவது இடம் தராத நிம்மதியை அந்தக் கேள்வி தந்தது.

“எடை. கிலோ,” என்றது.

நிரலன் அதைக் கிலோவின் கூட்டில் பொருத்தினான். அன்று எண்ணூற்றுப் பத்து சொட்டு மருந்தையும் வெல்லத்தில் கலந்து ஊட்டினான் திம்மன். இரண்டே நாளில் கொன்றை அவன் தோள்துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

எடையை யாரும் இடத்தைவிட்டு எழுப்பவில்லை; அந்த இடத்தின் மேல் அதற்குத்தான் ஆசை விட்டுப்போயிற்று. அன்று முதல்தான், அட்டவணையில் யார் எங்கே உட்கார்ந்திருந்தாலும், உரு கொடுக்குமுன் சுமைகாரர்கள் ஒவ்வொருவரிடமும் பெயரையும் வகையையும் கேட்டு, பொருந்தாதவரை இக்கரையிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.