கை வைக்கக் கூடாத ஃபைல்

எங்கள் ஆபீஸில் எது கெட்டாலும் பழி புதிதாய்ச் சேர்ந்த ஜெசிந்தா தலையில்தான் விழும். என்ன நியாயமோ! அன்று காலை, புரோகிராம் வரிகளை ஓடும் சாஃப்ட்வேராக மாற்றித் தரும் கம்பைலர், மேனேஜர் தண்டபாணி எழுதிய ஃபைலைத் தொட்டதுமே கிராஷ் ஆகிப் படுத்துவிட்டது. அது எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவரோ ஜெசிந்தா மேல் பாய்ந்தார். "என் ஃபைல்தான் இந்த சாஃப்ட்வேருக்கே உயிர். அதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தாம, கிளையன்ட் வர்றதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வீட்டுக்குப் போ!"

மதியம் வந்த கிளையன்ட் முன்னால் சாஃப்ட்வேர் தடங்கலில்லாமல் ஓடியது. "காலையில படுத்துக் கிடந்துச்சு சார். நான் போட்ட அதட்டல்ல எழுந்துடுச்சு," என்று நெஞ்சை நிமிர்த்தினார் தண்டபாணி.

கிளையன்ட் ஜெசிந்தாவிடம் திரும்பினார். "எப்படிம்மா சரி பண்ணீங்க?"

"சார் ஃபைல்ல ஒரு எழுத்தையும் மாத்தலைங்க. அந்த ஃபைலையே சேர்க்காம விட்டுட்டேன். உயிர் இல்லாமலே நல்லா ஓடுதுங்க."