சம்மட்டியை வீசியது நான்தான்

ஒரு பரிசுக்காக மூன்று பேர் அடித்துக்கொண்ட கதையைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கொலை எனக்குத்தான் சொந்தம் என்று மூன்று பேர் மல்லுக்கட்டிய கதை தெரியுமா? சொல்கிறேன். நடுவில் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டாதீர்கள். எனக்கு எரிச்சல் வரும்.

செம்பாறைக்குளத்தில் பாதி ஊருக்குக் கல்குவாரியில்தான் வேலை. பத்தாவது முடிக்கும் முன்பே பிள்ளைகளின் கையில் சம்மட்டி ஏறிவிடும். அந்த ஊரில் எஸ்தர் டீச்சர் ஒரு பழைய நெல் கிட்டங்கியைப் பிடித்து, குவாரிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் நடத்தினார். எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பம் போடுவது, சாதிச் சான்றிதழுக்கு எந்த ஆபீசில் போய் நிற்பது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நாலு வருஷத்தில் பதினோரு பேரைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார்.

சேரும் அன்றே ஒவ்வொருவரிடமும் ஒரு சத்தியம் வாங்குவார். "எவன் அடிச்சாலும் வாங்கிட்டு வா. திருப்பி அடிக்காத. கேஸ்ல பேரு வந்துச்சுன்னா படிப்பும் போச்சு, வேலையும் போச்சு."

அது வெறும் பயமில்லை. ஊர்ச் சண்டையில் பேர் மாட்டி, கிடைத்த வேலையைத் தொலைத்த பையன்கள் அங்கே தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். அதனால் ஊரில் ஒரு பழக்கம். யார் அடித்தாலும் சரி, படிப்பில்லாத ஒருவன் 'நான்தான்' என்று ஸ்டேஷனுக்குப் போய்விடுவான். 'ஆள் கொடுப்பது' என்பார்கள்.

டீச்சரிடம் படித்த முப்புடாதி எட்டு வயதிலிருந்து ஜல்லி உடைத்தவள். இப்போது கால்நடை மருத்துவம் படிக்க மார்க் வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை சென்னையில் கவுன்சிலிங். அவளுடைய அண்ணன் சுடலைமணி தீயணைப்புத் துறைக்குத் தேர்வாகி, வேலைக்கான போலீஸ் நன்னடத்தை விசாரணை முடியக் காத்திருந்தான். வியாழக்கிழமை மத்தியானம், தங்கைக்குப் புதுச் செருப்பு வாங்க டவுனுக்குப் போயிருந்தான்.

குவாரிக்கு ஆள் குறையக் குறைய மேஸ்திரி வேலாண்டிக்கு வெறி ஏறிக்கொண்டே வந்தது. அன்றைக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அரிவாளோடு கிட்டங்கிக்குள் நுழைந்தான். பெஞ்சைத் தூக்கி ஒரு பையனின் முதுகில் எறிந்தான். இன்னொருவனின் முகத்தைச் சுவரில் மோதினான், இரண்டு பல் உதிர்ந்தது.

"எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டு, இங்க பாடமா நடத்துத?"

டீச்சரின் தலைக்கு வந்த வெட்டை அவர் வலது கையால் தடுத்தார். எலும்பு தெரியப் பிளந்து கை தொங்கியது. கீழே விழுந்தவரின் முடியைப் பிடித்து இழுத்துக் கழுத்தை வளைத்தான் வேலாண்டி. அரிவாளை மறுபடியும் ஓங்கினான். பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். சத்தியம் செய்தவர்கள் இல்லையா!

டீச்சரிடம் விடைபெற வந்திருந்த முப்புடாதி, கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த சம்மட்டியை எடுத்தாள். ஒரே வீச்சு. வேலாண்டியின் காதுக்கு மேலே இறங்கியது. மண்டை உடைந்து, மூக்கிலும் வாயிலும் ரத்தம் கொப்பளிக்க, அவன் டீச்சர் மேலேயே சரிந்து செத்தான். மற்ற இருவரும் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

போலீசுக்கு முன்னால் சுடலைமணி வந்துவிட்டான். ஒரு கேள்வி கேட்கவில்லை. தங்கையின் கையிலிருந்த சம்மட்டியைப் பிடுங்கி, ரத்தத்தைத் தன் சட்டையில் பூசிக்கொண்டான். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும், "நாந்தான் சார் அடிச்சேன்" என்றான்.

"அவன் இங்க இல்லவே இல்ல" என்று கத்தினார் டீச்சர். "வேலாண்டி என்னை வெட்ட வந்தான், நான் அடிச்சேன். பிள்ளைங்க யாரும் எதையும் பாக்கல."

"ரெண்டு பேரும் பொய் சொல்லுதாவ சார். டீச்சர் கழுத்த வெட்டப் போனான். அடிச்சது நான்தான்" என்றாள் முப்புடாதி.

சுடலைமணி அவளை ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்தது. "வாய மூடுளா! நாளைக்குக் காலைல நீ சென்னைல நிக்கணும்." சொல்லிவிட்டு அவனே அழுதான்.

இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். "எனக்கு ஒரு ஆள் போதும். வேலாண்டி சும்மா பேச வந்தான். நீ ஆத்திரத்துல அடிச்ச. அப்படித்தானல?"

"ஆமா சார்" என்றான் சுடலைமணி.

"இல்ல!" என்று முப்புடாதி குறுக்கே பாய்ந்து, தரையில் கிடந்த மூன்று அரிவாள்களையும் காட்டினாள். "இதோட வந்தவனா பேச வந்தான்? எழுதுங்க சார். எம்பேர எழுதுங்க."

தங்கையின் படிப்புக்காக அண்ணன் தன் வேலையைத் தூக்கிக் கொடுத்தான். மாணவிக்காக டீச்சர் தன் பள்ளியையே இழக்கத் துணிந்தார். அவர்கள் எதைக் காப்பாற்றத் துடித்தார்களோ, அதை அந்தப் பெண் தன் வாயாலேயே போகவிட்டாள். இப்போது சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: முப்புடாதி செய்ததுதான் சரி. டீச்சர் சொன்ன பொய் ஒரு நிமிஷம்கூட நிற்காது, வெட்டுப்பட்ட கையால் யாரும் சம்மட்டி தூக்க முடியாது. அண்ணனின் பொய் நின்றிருக்கும், அதுதான் ஆபத்து. அந்தப் பொய்யில் வேலாண்டி பேச வந்த அப்பாவியாகிறான், அரிவாள்கள் காணாமல் போகின்றன, ஓர் உயிரைக் காத்த அடி வெறும் கொலையாகிறது. உயிரைக் காக்கத்தான் அடித்தேன் என்று சொல்லும் உரிமை, அடித்தவளுக்கு மட்டுமே உண்டு. அவள் சொன்ன பிறகு, சுவரோடு நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து சாட்சி சொன்னார்கள். கேஸ் என்றாலே நடுங்கும்படி வளர்ந்த பிள்ளைகள் ஐயா! கவுன்சிலிங் போயிற்று, இரண்டு வருஷம் போயிற்று. அதை நான் மறைக்க மாட்டேன். கோர்ட் விடுவித்த மறுவாரமே அவள் மறுபடி விண்ணப்பம் போட்டாள். 'உங்கள் மீது வழக்கு உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதச் சொன்னார்கள் ஊர்க்காரர்கள். அவள் எழுதியது: 'இருந்தது. உண்மையைச் சொல்லி ஜெயித்தேன்.'