கத்திச்சவுக்கில் ஓர் இலை

“மரம் முழுக்க இலை, ஆனா இலையே இல்லையாம்!” ஆய்வக வாசலில் யாரோ முனகினார்கள்.

எங்கள் தாவரவியல் செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், வாசலில் நின்ற கத்திச்சவுக்கு மரத்திலிருந்து ஓர் இலை கேட்டார். கொண்டு வராதவர்கள் ஃபெயில். ஆனால் பறித்து வந்ததையெல்லாம் வீசினார்.

“இது இலைக்காம்பும்மா. தட்டையாகி இலை மாதிரி நடிக்குது. அடுத்து!”

நாங்கள் குழம்பி நின்றோம். தமயந்தி மட்டும் மரத்தடிக்குப் போய், அதன் விதையிலிருந்து முளைத்திருந்த சிறு கன்றைப் பிடுங்கி வந்தாள். அதில் புளியிலை போலப் பொடிப்பொடி இலைகள்.

“மரத்துலதானே கேட்டேன்?”

“இதுவும் அந்த மரம்தான் சார். இன்னும் நடிக்கக் கத்துக்கலை.”

பேராசிரியர் அவளுக்கு மதிப்பெண் போட்டார். அடுத்த ஆளைக் கூப்பிடுமுன் மரத்தடிக்குப் போய், மீதிக் கன்றுகளைத் தானே பிடுங்கத் தொடங்கினார்.